பள்ளியில் மரியாதையும் விழுமியங்களும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பணிவும் மரியாதையும் ஒன்றுதானே? குழந்தை சொன்னபடி கேட்டால் மரியாதை வந்துவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. ஆசிரியர் வகுப்புக்குள் வரும்போது எழுந்து நிற்பதும், பெரியவர்களை ‘நீங்கள்’ என்று அழைப்பதும், குறுக்கே பேசாமல் காத்திருப்பதும் மரியாதையின் வெளித்தோற்றங்கள். அவற்றை ஒரே வாரத்தில் பழக்கிவிடலாம். எதிரில் இருப்பவர் தன்னைப் போலவே வலியும் விருப்பமும் தன்மானமும் உள்ளவர் என்ற உணர்வுதான் மரியாதையின் உள்ளடக்கம். அது ஊறிவர ஆண்டுகள் ஆகும். அந்த உணர்வு சிறிதும் இல்லாத குழந்தைகூட, அச்சம் இருந்தால், வெளித்தோற்றத்தைக் குறையின்றிக் காட்டும். நம் பேச்சிலேயே இந்தக் குழப்பம் பதிந்திருக்கிறது. ‘மரியாதையாகச் சொல்லிவிடு’, ‘மரியாதையாகப் போய்விடு’ என்று மிரட்டும்போதும் நாம் இதே சொல்லைத்தான் கையாளுகிறோம். அந்தச் சொல்லைப் பெரும்பாலும் மிரட்டலாகவே கேட்டு வளரும் குழந்தைக்கு, மரியாதை என்பது வலியவருக்கு எளியவர் கொடுக்கும் கப்பம் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

விழுமியம் என்பது இன்னும் அகன்ற சொல். நேர்மை, பரிவு, நீதியுணர்வு, பொறுப்பு, பொறுமை ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இப்பக்கத்தில் மரியாதையை முதன்மையாகப் பேசுவதற்குக் காரணம், பிறரை மதிக்கத் தெரியாத இடத்தில் மற்ற விழுமியங்கள் வேர்விடுவதில்லை என்பதே.

இவற்றையெல்லாம் வீட்டில்தானே கற்றுத்தர வேண்டும்? பள்ளியின் வேலை பாடம் நடத்துவதுதானே?

முதல் பாடம் வீட்டில்தான் என்பதில் மறுப்பில்லை. ஆனால் வீட்டில் குழந்தையைச் சுற்றியிருப்பவர்கள் அதன்மீது அன்பு கொண்டவர்கள். அன்பு இல்லாத, அறிமுகமே இல்லாத, பல சமயம் பிடிக்காத ஒருவரோடும் இடத்தையும் நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு வாழ வேண்டிய கட்டாயம் குழந்தைக்கு முதன்முதலாக ஏற்படுவது பள்ளியில்தான். தம்பியிடம் விட்டுக்கொடுப்பது வேறு, பக்கத்து இருக்கையில் இருக்கும் அந்நியனிடம் விட்டுக்கொடுப்பது வேறு.

அத்துடன், பள்ளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விழுமியங்களைக் கற்பித்துக்கொண்டேதான் இருக்கிறது. யாருடைய கேள்விக்கு ஆசிரியர் நின்று பதில் சொல்கிறார், யாருடைய கேள்வியைக் கேட்காததுபோல் கடந்துபோகிறார், மதிப்பெண் குறைந்தவரை எங்கே உட்காரவைக்கிறார்கள், பொருள் காணாமல் போனால் முதலில் யாருடைய பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதையெல்லாம் குழந்தைகள் நாள்தோறும் கவனிக்கிறார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தப் பாடம்தான் அவர்களுக்கு மிக நன்றாக மனப்பாடம் ஆகிறது.

குழந்தைகளுக்கு இவை எந்த வயதில் புரியத் தொடங்கும்?

நாம் நினைப்பதைவிட மிக முன்னதாகவே. 2006இல் ஃபெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் டோமசெல்லோ ஆகிய ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளின் முன்னே ஒரு பொருளைத் தவறவிட்டு அதை எடுக்கத் திணறுவதுபோல் நின்றார்கள். யாரும் கேட்காமலே, பாராட்டோ பரிசோ இல்லாமலே, அக்குழந்தைகளில் பலர் தவழ்ந்தோ நடந்தோ போய் அதை எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே பள்ளிக்கு வரும் குழந்தையை வெற்றுப் பலகையாகக் கருத வேண்டியதில்லை. பிறருக்கு உதவும் இயல்பு அதனுள் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் வேலையில் பாதி.

தவறைப் பற்றிய கணிப்பு பின்னர் மெல்ல வளர்கிறது. ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு இரண்டு சிறுவர்களின் கதை சொல்லப்படுகிறது. ஒருவன் கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். மற்றவன் அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் இருந்து ஜாம் எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தவறு என்று கேட்டால், சிறு குழந்தைகள் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனைக் காட்டினார்கள். வயது ஏறியவர்கள் நோக்கத்தைப் பார்த்தார்கள். நோக்கத்தைத் தெளிவாக எடுத்துச் சொன்னால் மிகச் சிறியவர்களும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. வகுப்பறைக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ‘எவ்வளவு சேதம்’ என்பதைப் பார்த்தே நாம் கோபப்பட்டுக்கொண்டிருந்தால், குழந்தையின் கணிப்பும் அந்தக் கட்டத்திலேயே தங்கிவிடும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியைப் பலரும் இங்கே நினைவூட்டுவார்கள். விரைவில் தொடங்க வேண்டும் என்ற அளவில் அது சரியே. அதைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘இனி இவன் தேறமாட்டான்’ என்று கைகழுவுவதை ஏற்க முடியாது. வளரிளம் பருவத்தினர் தாம் கேட்டு வளர்ந்த ஒவ்வொரு விழுமியத்தையும் எடுத்து, ‘இது எனக்குச் சரியா’ என்று மறுபடி உரசிப் பார்க்கிறார்கள். நாம் அவர்களோடு மிகப் பொறுமையாக இருக்க வேண்டிய பருவம் அது.

பள்ளி விதிகள் எல்லாவற்றையும் விழுமியம் என்றே சொல்லிக் கற்பிக்கலாமா?

கூடாது, குழந்தைகளே அதை ஏற்பதில்லை. எலியட் டூரியல், லாரி நூச்சி போன்றோர் 1970களின் பிற்பகுதியிலிருந்து செய்த ஆய்வுகளில், பள்ளிக்குச் சேரும் வயதுக்கு முன்பே குழந்தைகள் இரண்டு வகை விதிகளைப் பிரித்தறிவது தெரியவந்தது. ‘ஆசிரியரே அனுமதித்தால் வேறு உடையில் வரலாமா?’ என்பது போன்ற கேள்விக்கு ‘வரலாம்’ என்பார்கள். ‘ஆசிரியரே அனுமதித்தால் இன்னொரு குழந்தையை அடிக்கலாமா?’ என்றால் ‘அப்போதும் அடிக்கக் கூடாது, வலிக்கும்’ என்பார்கள். முதலாவது ஒழுங்குக்காக நாமாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. இரண்டாவது யார் அனுமதித்தாலும் மாறாத அறம்.

காலணிக்கு மெருகு போடாமல் வந்ததற்கும் சக மாணவியை நிறம் சொல்லிக் கேலி செய்ததற்கும் ஒரே குரலில், ஒரே கடுமையோடு கண்டனம் தெரிவிக்கும் பள்ளி, குழந்தைகள் தாமாகவே அறிந்திருந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. நடைமுறையில் பல பள்ளிகளில் காலணிக்குத்தான் கூடுதல் கண்டனம் கிடைக்கிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நீதிபோதனைக்குத் தனி வகுப்பு வேண்டுமா?

வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 1928 முதல் 1930 வரை ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே ஆகிய இருவரும் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏமாற்றுவதற்கும் பொய் சொல்வதற்கும் வாய்ப்புள்ள பல சூழல்களில் குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, எது சரி என்று நன்றாகச் சொல்லத் தெரிந்த குழந்தை அப்படியே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியவில்லை. ஓரிடத்தில் நேர்மையாக இருந்த குழந்தை வேறோர் இடத்தில் ஏமாற்றியது. ஒரு வகுப்பில் நிலவிய பொதுவான போக்கு அதிலிருந்த குழந்தைகளின் நடத்தையைப் பெரிதும் பாதித்தது என்பதுதான் அதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குழந்தையை மட்டும் திருத்தப் பார்க்கிறோம். அது உட்கார்ந்திருக்கும் வகுப்பைத் திருத்த மறந்துவிடுகிறோம்.

அமெரிக்கக் கல்வித் துறை ஏழு பண்புநலத் திட்டங்களைத் தொடக்கப்பள்ளிகளில் சோதித்து 2010இல் அறிக்கை வெளியிட்டபோதும், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் மாணவர் நடத்தையில் முன்னேற்றம் தெரியவில்லை. மறுபுறம், உணர்வுகளை அடையாளம் காணுதல், கோபத்தை ஆளுதல், சண்டையைப் பேசித் தீர்த்தல் போன்ற திறன்களைப் பயிற்சியாகக் கற்றுத்தந்த 213 திட்டங்களைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வு, நடத்தையிலும் படிப்பிலும் நல்ல மாற்றங்கள் ஏற்பட்டதைக் கண்டது. ஆகவே தனி வகுப்பு வைப்பதானால், அது நன்னெறி வாசகங்களை எழுதி மனப்பாடம் செய்யும் வகுப்பாக இருக்கக் கூடாது. நேற்று விளையாட்டு மைதானத்தில் நடந்த சண்டையை எடுத்துவைத்துப் பேசி, வேறு எப்படி நடந்திருக்கலாம் என்று நடித்துப் பார்த்து, மறுநாள் அதை மைதானத்திலேயே முயன்று பார்க்கும் வகுப்பாக இருக்க வேண்டும். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிக் கற்றுத்தர முடியாததைப் போன்றதே இதுவும்.

நீதிக்கதைகள் பயன்படுமா?

பயன்படும்; ஆனால் எல்லாக் கதையும் ஒரே விளைவைத் தருவதில்லை. 2014இல் காங் லீ, விக்டோரியா தல்வார் முதலானோர் 3 முதல் 7 வயதுவரை உள்ள குழந்தைகளிடம், திரும்பிப் பார்க்கக் கூடாத ஒரு பொம்மையைப் பின்னால் வைத்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போனார்கள். பிறகு வந்து ஒரு கதை வாசித்துவிட்டு, ‘திரும்பிப் பார்த்தாயா?’ என்று கேட்டார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட மரப்பொம்மையின் கதையும், ‘ஓநாய் வருகிறது’ என்று பொய்க்கூச்சல் போட்ட இடையனின் கதையும் உண்மை பேச வைக்கவில்லை. மரத்தை வெட்டிய சிறுவன் தந்தையிடம் ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற கதையைக் கேட்டவர்கள் மட்டும் உண்மையைச் சொல்லும் விகிதம் கூடியது. பொய்க்கு என்ன தண்டனை என்று சொன்ன கதைகள் பலிக்கவில்லை. உண்மைக்கு என்ன வரவேற்பு என்று காட்டிய கதை பலித்தது.

கதை முடிந்ததும் ‘இதிலிருந்து தெரிந்துகொள்ளும் நீதி என்ன?’ என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிடும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு எல்லாக் குழந்தைக்கும் விடை தெரியும். ‘நீ அந்த இடத்தில் இருந்தால் உனக்கு என்ன பயமாக இருந்திருக்கும்?’ என்று கேட்டால்தான் பேச்சு தொடங்கும்.

அடியும் திட்டும் இல்லாவிட்டால் யார் மதிப்பார்கள்? எங்கள் காலத்தில் அடிவாங்கித்தானே நன்றாக வந்தோம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை என்பதை அறிவேன். தம்மை அடித்த ஆசிரியரிடம் உண்மையான நன்றி கொண்டவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆசிரியரை அவர்கள் ஏன் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சற்றுப் பொறுமையாகக் கேட்டால், அவர் மாலையில் கூடுதல் நேரம் இருந்து சொல்லிக் கொடுத்தது, உடல்நலமில்லாதபோது விசாரித்தது, தன்மீது நம்பிக்கை வைத்திருந்தது என்றுதான் பதில் வரும். அவர்களை உருவாக்கியது அந்த அக்கறை. அடி அதனோடு சேர்ந்து வந்ததால் அதற்கும் பெருமை சேர்ந்துவிட்டது. அக்கறை இல்லாமல் அடித்த ஆசிரியர்களை யாரும் அப்படி நினைப்பதில்லை. அதே அடியால் பள்ளியை விட்டே போனவர்களின் குரல் இந்த உரையாடலுக்குள் வருவதும் இல்லை.

அடி எதைக் கற்றுத்தருகிறது என்பதற்குச் சான்று உண்டு. மேற்சொன்ன தல்வாரும் லீயும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள இரண்டு பள்ளிகளின் 3, 4 வயதுக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஒரு பள்ளியில் அடி வழக்கமாக இருந்தது. மற்றதில் கண்டிப்போடு பேசுவதே வழக்கம். பார்க்கக் கூடாத பொம்மையை இரண்டு பள்ளிகளிலும் பெரும்பாலான குழந்தைகள் பார்த்துவிட்டார்கள். ஆகவே அடிக்கும் பள்ளியின் குழந்தைகள் கூடுதல் கட்டுப்பாடு உள்ளவர்களாக இருக்கவில்லை. பார்த்தாயா என்று கேட்டபோது, அடிக்கும் பள்ளியின் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோரும் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யைப் பிடிபடாமல் தொடர்வதிலும் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். மூன்று வயதிலேயே அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் தப்பித்தல்.

சொல்லால் விழும் அடியையும் இதில் சேர்க்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் ‘உன்னைப் பெற்றவர்களைச் சொல்ல வேண்டும்’ என்று கேட்பது பிரம்பைவிட ஆழமாகப் பதியும். ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்றபடி நடத்தப்பட வேண்டும் என்கிறது. அடிக்காதே என்பதோடு அது நின்றுவிடவில்லை. மாண்பு என்ற சொல்லை எடுத்திருக்கிறது.

அப்படியானால் தவறு செய்த குழந்தையை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதா?

இல்லை. விட்டுவிடுவதும் ஒருவகை அவமதிப்பே. ‘உன்னிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை’ என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது. தண்டிப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு: செய்ததைச் சரிசெய்ய வைப்பது.

ஒரு மாணவன் கோபத்தில் இன்னொருவனின் குறிப்பேட்டைக் கிழித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ‘ஏன் செய்தாய்?’ என்று கேட்டால் அவன் சாக்குச் சொல்வான், அல்லது தரையைப் பார்த்து நிற்பான். ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் கதை வரும். இருவரிடமும், தனித்தனியாக, இடைமறிக்காமல் அதைக் கேட்க வேண்டும். அடுத்து, ‘இதனால் யாருக்கு என்ன ஆயிற்று?’ என்ற கேள்வி. குறிப்பேட்டுக்கு உரியவன், ‘தேர்வுக்கு இதைத்தான் படிக்க வைத்திருந்தேன், மூன்று வாரமாக எழுதியது’ என்று நேருக்கு நேர் சொல்லும்போது, கிழித்தவனின் முகத்தில் ஏற்படும் மாற்றத்தை எந்தத் தண்டனையாலும் வரவழைக்க முடியாது. பிறகுதான், ‘இதை எப்படிச் சரிசெய்யப் போகிறாய்?’ என்று கேட்க வேண்டும். உணவு இடைவேளைகளில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைத் தன் கையால் எழுதித் தருவதாக அவனே சொல்லக்கூடும். நூறுமுறை ‘இனிச் செய்யமாட்டேன்’ என்று எழுதுவதைவிட அது கடினமான வேலை. ஆனால் அந்த உழைப்பு பாதிக்கப்பட்டவனுக்குப் பயன்படுகிறது.

இதற்கு நேரம் பிடிக்கும். நாற்பது நிமிட வகுப்பில், பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் நிற்கும் ஆசிரியரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். ஆகவே இதை ஆசிரியரின் நல்ல மனத்துக்கு விட்டுவிடாமல், கால அட்டவணையிலேயே இடம் ஒதுக்கித் தருவது தலைமையாசிரியரின் பொறுப்பு.

யானுஷ் கோர்ச்சாக் என்ற போலந்து மருத்துவர், 1912இல் வார்சாவில் திறக்கப்பட்ட அனாதை இல்லத்தை நடத்தியபோது, குழந்தைகளே நீதிபதிகளாக அமரும் நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் சட்டத் தொகுப்பின் பெரும்பாலான பிரிவுகள் மன்னிப்பைப் பற்றியவை. பெரியவர்கள்மீதும் அங்கே வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே பலமுறை அதன் முன் நிறுத்தப்பட்டார். 1942இல் நாஜிகள் அந்தக் குழந்தைகளைத் திரெப்ளிங்கா வதைமுகாமுக்குக் கொண்டுபோனபோது, தப்பித்துக்கொள்ளக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து அவரும் அவர்களோடே சென்று உயிர்நீத்தார்.

மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தலாமா?

வேண்டாம். வற்புறுத்திப் பெற்ற ‘சாரி’ கேட்டவருக்கும் பயனில்லை, சொன்னவருக்கும் பயனில்லை. கோபம் அடங்க நேரம் கொடுங்கள். அதுவரை சேதத்தைச் சரிசெய்யும் வேலை தொடங்கட்டும். சொல் பின்னால் வரும்.

நல்ல நடத்தைக்குப் பரிசு, நட்சத்திரம், விருது கொடுக்கலாமா?

இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 1973இல் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும், வரைவதில் தாமாகவே ஆர்வம் கொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாட்கள் கழித்துப் பரிசு எதுவும் இல்லாமல் வண்ணப் பேனாக்களை வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். உதவும் குணத்திலும் இதே நிலைதான். 2008இல் வார்னெக்கெனும் டோமசெல்லோவும், உதவியதற்குப் பொருட்பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு குறைவாகவே உதவியதைக் கண்டார்கள்.

நடந்ததைப் பார்த்து, அதை அப்படியே சொல்வது போதும். ‘அவள் கீழே விழுந்ததும் நீ விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடினாய், நான் பார்த்தேன்’ என்ற ஒரு வாக்கியம், அதுவும் தனியே சொன்னது, சுவரில் ஒட்டிய நட்சத்திரத்தைவிட நெடுநாள் நிற்கும். ‘மாதத்தின் சிறந்த மாணவர்’ பலகைகளை நான் விரும்புவதில்லை. நல்லவராக இருப்பதில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்க வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது.

நற்பண்புக்கு மதிப்பெண் கொடுக்கலாமா?

கூடாது. மதிப்பெண் வந்துவிட்டால் குழந்தை மதிப்பெண்ணுக்காக நடிக்கத் தொடங்கும். ஜப்பான் 2018இல் தொடக்கப்பள்ளிகளிலும் 2019இல் நடுநிலைப்பள்ளிகளிலும் அறநெறியை முறையான பாடமாக்கியபோதும், அதற்கு எண்மதிப்பு தராமல், குழந்தையின் வளர்ச்சியை ஆசிரியர் சொற்களால் எழுதும் முறையையே வைத்தது.

எதிர்த்துப் பேசும் பிள்ளையை எப்படிக் கையாள்வது?

முதலில், அது எதிர்ப்பா கேள்வியா என்று பார்க்க வேண்டும். ‘நீங்கள் சொன்னது சரியில்லை, புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது’ என்று ஒரு குழந்தை சொன்னால், அது மரியாதைக் குறைவு அல்ல. ஆசிரியர் உண்மையைத்தான் விரும்புவார் என்று அக்குழந்தை நம்புகிறது என்று பொருள். குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. கருத்தைத் தடுக்காமல், சொல்லும் முறையை மட்டும் திருத்தலாம்: ‘நீ சொல்வதைக் கேட்கிறேன். கத்தாமல், என்னைப் பார்த்து, மறுபடி சொல்.’ இப்படிச் சொல்லிவிட்டு உண்மையிலேயே கேட்க வேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி.

வாய்விட்டு வசைபாடும் பிள்ளை வேறு. அங்கே எல்லை உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணத்தில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க வாதாட வேண்டாம். பார்வையாளர்கள் இருக்கும்வரை அந்தப் பிள்ளையால் இறங்கிவர முடியாது. வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்துப் பேசினால், பத்தில் எட்டு முறை காரணம் வேறெங்கோ இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆசிரியரே பொறுமையிழந்து கத்திவிட்டால்?

கத்திவிடுவோம், நாமும் மனிதர்கள். ஆல்பர்ட் பண்டுரா 1961இல் செய்து காட்டிய சோதனை நினைவில் இருக்கட்டும்: பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்துத் துவைத்ததைப் பார்த்த குழந்தைகள், அதே அடிகளையும் அதே சொற்களையும் அப்படியே திருப்பிச் செய்தார்கள். கத்தியதைப் பார்த்த குழந்தைகள், அதன்பின் நாம் செய்வதையும் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் அதே வகுப்பின் முன் நின்று, ‘நேற்று நான் உங்களிடம் பேசிய முறை தவறு’ என்று காரணம் கற்பிக்காமல் சொல்லலாம். இதனால் மதிப்புக் குறைந்துவிடும் என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நான் முதன்முதலாக அப்படிச் சொன்ன நாளில் எனக்கும் கைகள் நடுங்கின. அந்த வகுப்பில் அதன்பின் குழந்தைகள் தங்கள் தவறுகளைத் தாமாகவே வந்து சொல்லத் தொடங்கினார்கள்.

சக மாணவர்களைக் கேலி செய்து துன்புறுத்துவதை எப்படி நிறுத்துவது?

துன்புறுத்துபவர், துன்பப்படுபவர் இருவரை மட்டும் பார்த்தால் நிறுத்த முடியாது; சுற்றி நிற்பவர்களைப் பார்க்க வேண்டும். ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவிய ‘கிவா’ திட்டம் இந்த அடிப்படையில் அமைந்தது. கேலி செய்பவருக்கு வேண்டியது சிரிக்கும் கூட்டம். கூட்டம் சிரிக்காவிட்டால் கேலி பெரும்பாலும் வாடிவிடும். ஆகவே மற்ற குழந்தைகளுக்குக் கற்றுத்தர வேண்டியவை சிறிய செயல்கள்: சிரிக்காமல் இருப்பது, பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில் போய் உட்காருவது, நம்பும் ஆசிரியரிடம் வந்து சொல்வது. சொல்ல வரும் குழந்தையைக் ‘கோள் சொல்லாதே’ என்று விரட்டும் பள்ளியில் இவை எதுவும் நடக்காது. ஒருவரை மாட்டிவிடச் சொல்வது கோள். ஒருவரைக் காப்பாற்றச் சொல்வது உதவி. இந்த வேறுபாட்டைக் குழந்தைகளுக்கு வெளிப்படையாக விளக்க வேண்டும். கைப்பேசிக் குழுக்களில் நடக்கும் கேலிக்கும் இது பொருந்தும். அங்கே சிரிப்புக்குப் பதில் சிரிப்புப் பொம்மைகள் விழுகின்றன.

குடும்பத்துக்குக் குடும்பம் நம்பிக்கைகள் வேறாக இருக்கும்போது, யாருடைய விழுமியங்களைப் பள்ளி கற்பிப்பது?

நியாயமான கவலை. பிறரை இழிவுபடுத்தாதே, பொய் சொல்லாதே, எளியவரை வருத்தாதே, கொடுத்த வாக்கைக் காப்பாற்று என்பவற்றை எந்தக் குடும்பமும் மறுப்பதில்லை. பள்ளிக்கு இந்தப் பொதுநிலம் போதுமான அளவு பெரியது. அதற்கு அப்பால் உள்ள வழிபாடு, உடை, உணவு ஆகியவற்றில் எது உயர்ந்தது என்று பள்ளி தீர்ப்புச் சொல்லக் கூடாது. மேற்சொன்ன உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, கல்வியானது குழந்தைக்குத் தன் பெற்றோர்மீதும், தன் மொழி, பண்பாட்டின்மீதும், தன்னுடையதிலிருந்து வேறான பண்பாடுகள்மீதும் மதிப்பை வளர்க்க வேண்டும் என்கிறது. தன்னுடையதை இழிவாக உணரவைக்கப்பட்ட குழந்தையால் பிறருடையதை மனமார மதிக்க முடியாது.

உண்மையிலேயே பலன் கிடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆசிரியர் அறையைவிட்டு வெளியே போனபின் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். கழிப்பறையின் நிலையைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தை மூன்றாம் நாள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பாருங்கள். துப்புரவுப் பணியாளர் பெருக்கிக்கொண்டிருக்கும்போது குழந்தைகள் ஒதுங்கி நிற்கிறார்களா, அவருடைய பெயர் அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தலைமையாசிரியருக்குச் சொல்லும் வணக்கத்தை வைத்து ஒரு பள்ளியை எடைபோட முடியாது. பதிலுக்கு எதுவும் செய்ய இயலாதவரிடம் குழந்தைகள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதில்தான் அது தெரியும்.

நாளைக்கே தொடங்குவதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

பெயரிலிருந்து. ஒவ்வொரு குழந்தையின் பெயரையும், அதன் வீட்டார் அழைப்பதுபோல் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டப்பெயரோ, வரிசை எண்ணோ, ‘ஏய், கடைசி பெஞ்சு’ என்ற விளிப்போ வேண்டாம்.

அடுத்து, விடைத்தாள் திருப்பித் தரும் நாள். மதிப்பெண்ணை உரக்கப் படித்து, அதிகம் வாங்கியவரிலிருந்து குறைவாக வாங்கியவர்வரை வரிசையாக அழைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. கடைசியாக அழைக்கப்படும் குழந்தை, தன் பெயர் வரும்வரை ஒவ்வொரு பெயராக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேறெதையும் மாற்ற முடியாவிட்டாலும் இதை மாற்றலாம், செலவு எதுவும் இல்லை: தாளை மடித்து, மதிப்பெண் உள்பக்கம் இருக்கும்படி, அந்தக் குழந்தையின் மேசைமீது வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.